பூட்டில்லாத சாசனம்

பீட்மாண்ட் அரசர் கார்லோ அல்பெர்ட்டோவுக்கு அரசியல் சாசனம் என்றாலே ஆகாது. காரணம் பழையது. 1821இல் அவர் வெறும் இளவரசர். தலைநகர் டூரினில் படைவீரர்களும் தாராளவாதிகளும் கிளர்ந்தெழுந்தபோது, புதிய அரசர் கார்லோ ஃபெலிச்சே மோதெனாவில் இருந்தார். பொறுப்பு இளவரசரின் கையில். நெருக்கடிக்குப் பணிந்து, ஸ்பெயின் நாட்டுச் சாசனத்தையே பீட்மாண்டுக்கும் அறிவித்தார். சேதி கேட்ட அரசர் அது செல்லாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, இளவரசரையும் நாட்டைவிட்டு அனுப்பிவைத்தார். கெட்ட பெயரைத் துடைக்க இளவரசர் செய்த காரியம் விசித்திரமானது. 1823இல் ஸ்பெயினுக்கே போய், அதே சாசனத்துக்காக நின்றவர்களை எதிர்த்து த்ரொகாதெரோ கோட்டைச் சண்டையில் வாள் பிடித்தார். 1831இல் அரியணை ஏறினார். அதன்பின் பதினாறு ஆண்டுகளுக்கு நாடாளுமன்றம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அப்படிப்பட்டவர்தான் 1848 மார்ச் 4 அன்று 84 பிரிவுகள் கொண்ட ஒரு சாசனத்தில் கையெழுத்திட்டார். ஸ்டாட்டுட்டோ அல்பெர்ட்டினோ என்று அவர் பெயராலேயே அது வழங்கலாயிற்று. ஆல்ப்ஸ் அடிவாரத்துச் சின்ன முடியரசு ஒன்றுக்காக அவசரத்தில் எழுதப்பட்ட அந்தத் தாள், பிறகு இத்தாலி முழுவதற்கும் சாசனமானது. சர்வாதிகாரம் நடந்த இருபது ஆண்டுகளிலும் அதை யாரும் ரத்துசெய்யவில்லை. 1948 புத்தாண்டு அன்றுதான் அதன் காலம் முடிந்தது. இத்தனை காலம் அது தாக்குப்பிடித்ததற்கும், தேவைப்பட்ட நேரத்தில் எவரையும் காப்பாற்றாமல் போனதற்கும் காரணம் ஒன்றே. நாடாளுமன்ற ஆட்சி என்று அந்த நாட்டில் நடந்த எதுவும் அந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கவில்லை.

பார்த்து எழுதியது

1848 பிறந்ததுமே தீ பற்றியது. ஜனவரி 12 அன்று சிசிலியின் பலெர்மோவில் கலகம். மாதம் முடிவதற்குள் நேப்பிள்ஸ் அரசர் இரண்டாம் ஃபெர்தினாந்து சாசனம் தருவதாக வாக்களித்துவிட்டார். அடுத்தது டூரின்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அமைச்சர்கள் அரசரிடம் வைத்த வாதம் எளியது: மக்கள் பிடுங்கிக்கொள்ளும் முன் நாமே கொடுத்துவிட்டால், எவ்வளவு கொடுப்பது என்பதாவது நம் கையில் இருக்கும். பிப்ரவரி 7 அன்று நடந்த ஆலோசனையின் குறிப்புகள் பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டன. ஓர் ஒன்றுபட்ட இத்தாலிக்குச் சாசனம் எழுதுகிறோம் என்ற எண்ணம் அந்த மேசையைச் சுற்றி இருந்த எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் 14 அம்சங்களை அரசர் அறிவித்தார். அவற்றைப் பிரிவுகளாக விரிக்க மூன்றரை வாரம் பிடித்தது. 1814, 1830 ஆண்டுகளின் பிரெஞ்சு சாசனங்களும் 1831ஆம் ஆண்டின் பெல்ஜியச் சாசனமும் மாதிரிகள். வேலை நடந்துகொண்டிருந்தபோதே, பாரிஸில் புரட்சி வெடித்து, பிப்ரவரி 24 அன்று மன்னர் லூயி ஃபிலிப் முடிதுறந்து ஓடினார். பார்த்து எழுதிக்கொண்டிருந்த மூலங்களில் ஒன்று, நகல் முடியும் முன்பே காலாவதியானது.

தாளில் இருந்தவை: சட்டத்தின் முன் அனைவரும் சமம் (24), தனிமனித சுதந்திரம் (26), பத்திரிகைச் சுதந்திரம் (28), ஆனால் வேதாகமத்தையும் பிரார்த்தனை நூல்களையும் ஆயரின் முன் அனுமதியின்றி அச்சிடக் கூடாது. சட்டம் இயற்றும் அதிகாரம் அரசருக்கும் இரண்டு அவைகளுக்கும் கூட்டாக. மேலவையான செனட்டில் அரசர் நியமிக்கும் ஆயுட்கால உறுப்பினர்கள். கீழவையில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள். இரு அவையினருக்கும் சம்பளமோ படியோ கிடையாது (50). சிறப்பு நீதிமன்றங்களை உருவாக்கக் கூடாது (71).

நிர்வாக அதிகாரமோ அரசருக்கு மட்டுமே உரியது (5). போர் அறிவிப்பதும் உடன்படிக்கை செய்வதும் அவர்தான். நாட்டின் நலன் இடம் கொடுக்கும்போது அவைகளுக்குத் தெரிவித்தால் போதும். அமைச்சர்களை நியமிப்பதும் நீக்குவதும் அரசரே (65). அமைச்சர்கள் பொறுப்புள்ளவர்கள் என்கிறது 67ஆம் பிரிவு. யாருக்குப் பொறுப்பு? அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. பிரதமர் என்று ஒருவர் இருப்பதாகவே இந்தச் சாசனத்துக்குத் தெரியாது. நம்பிக்கை வாக்கெடுப்பு என்ற ஒன்றும் இல்லை.

சாசனத்தை எப்படித் திருத்துவது என்றும் சொல்லவில்லை. நிரந்தரமானது, திரும்பப் பெற முடியாதது என்று முகப்புரையிலேயே அறிவித்துவிட்டதால், திருத்தத்துக்கு வழி சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை போலும். நிரந்தரம் எத்தனை நாள் நீடித்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நாட்டின் கொடி மாறாது, நீலச் சின்னம் மட்டுமே தேசியச் சின்னம் என்றது 77ஆம் பிரிவு. மார்ச் 23 அன்று ஆஸ்திரியாவுக்கு எதிராகப் படை கிளம்பியபோது, சவோய் வம்சத்தின் கேடயத்தைப் பொறித்த இத்தாலிய மூவர்ணக் கொடியோடு போவதாக அரசர் அறிவித்தார். பத்தொன்பதே நாளில் ஒரு பிரிவு போயிற்று. யாரும் ஆட்சேபிக்கவில்லை. மகிழ்ச்சியான மாற்றத்துக்கு ஆட்சேபம் எதற்கு? ஆனால், சாதாரண அறிவிப்பு ஒன்றே சாசனத்தை மீற முடியும், தடுக்க ஒருவரும் இல்லை என்ற பாடம் அன்றே பதிவாகிவிட்டது.

பழக்கம் பிறந்தது

போர் தோல்வியில் முடிந்தது. 1849 மார்ச் 23 அன்று நொவாராவில் கடைசித் தோல்வி. அன்றிரவே கார்லோ அல்பெர்ட்டோ முடிதுறந்து போர்ச்சுகலுக்குப் போய், சில மாதங்களில் ஓப்போர்ட்டோ நகரில் இறந்தார். நேப்பிள்ஸ், டஸ்கனி, போப்பாண்டவரின் ரோம் என்று அந்த ஒரு வசந்தத்தில் பிறந்த இத்தாலியச் சாசனங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. டூரின் சாசனம் மட்டும் மிஞ்சியது. புதிய அரசர் இரண்டாம் விட்டோரியோ எமனுவேலே ஆஸ்திரியத் தளபதி ராடெட்ஸ்கியின் முகத்துக்கு நேராக மறுத்து அதைக் காப்பாற்றினார் என்று ஒரு கதை நெடுங்காலம் பள்ளிப் பாடங்களில் இருந்தது. வரலாற்றாய்வாளர்கள் இன்று அதை நம்புவதில்லை.

அந்த அரசருக்கு நாடாளுமன்றத்தின் மேல் பிரியம் இருந்ததாகச் சொல்ல முடியாது. சமாதான ஒப்பந்தத்தை ஏற்கப் பிரதிநிதிகள் முரண்டுபிடித்தபோது சபையைக் கலைத்தார். 1849 நவம்பர் 20 அன்று மொன்காலியேரி அரண்மனையிலிருந்து, பிரதமர் மாஸ்ஸிமோ தஸேலியோவின் கையெழுத்தோடு வாக்காளர்களுக்கு ஓர் அறிக்கை போனது. இந்த முறையும் சரியானவர்களைத் தேர்ந்தெடுக்காவிட்டால், பின்னால் வருவதற்கு நான் பொறுப்பல்ல என்பது அதன் சாரம். வாக்காளர்கள் பயந்தார்களோ புரிந்துகொண்டார்களோ, மிதவாதிகள் வென்றார்கள். ஒப்பந்தம் நிறைவேறியது, சாசனமும் பிழைத்தது.

1850இல் சிக்கார்தி சட்டங்கள் பாதிரியார்களுக்கென்றிருந்த தனி நீதிமன்றங்களை ஒழித்தன. அதை ஆதரித்த அமைச்சர் சாந்தாரோஸா மரணப் படுக்கையில் கிடந்தபோது, அவருக்குக் கடைசித் திருவருட்சாதனம் மறுக்கப்பட்டது. ஊர் கொதித்தது, பேராயர் ஃபிரான்சோனி நாடுகடத்தப்பட்டார். சாந்தாரோஸாவின் காலி நாற்காலியில் விவசாய அமைச்சராக வந்து உட்கார்ந்தவர் காமில்லோ கவூர். இரண்டே ஆண்டுகளில் அவர் பிரதமர்.

நாடாளுமன்ற ஆட்சி உண்மையில் பிறந்த நாள் 1848இல் இல்லை, 1855இல் இருக்கிறது. சில துறவற சபைகளைக் கலைத்து அவற்றின் சொத்தை எடுத்துக்கொள்ளும் மசோதாவைக் கவூர் கொண்டுவந்தார். அரசருக்குப் பிடிக்கவில்லை. செனட்டில் உறுப்பினராக இருந்த காஸாலே ஆயர் கலபியானா எழுந்து, மசோதாவைக் கைவிட்டால் அரசுக்குத் தேவையான பணத்தை ஆயர்களே தருகிறோம் என்றார். பின்னணியில் அரசர் இருப்பது கவூருக்குத் தெரியும். ராஜினாமா செய்தார். 65ஆம் பிரிவின்படி அரசர் வேறொருவரை நியமிக்கலாம். நியமிக்கவும் முயன்றார். ஜெனரல் துராந்தோவை அழைத்துப் பார்த்தார். கீழவையில் ஆதரவுள்ள அமைச்சரவை கூடிவரவில்லை. சில நாட்களில் கவூரே திரும்பினார். சில திருத்தங்களோடு மே மாதம் சட்டம் நிறைவேறியது.

சாசனத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் அந்த வசந்தத்திலிருந்து, கீழவையின் பெரும்பான்மை இல்லாதவர் ஆள முடியாது என்பது நாட்டின் வழக்கமானது. எழுதாத இந்த வழக்கம்தான் இத்தாலிய நாடாளுமன்ற ஆட்சி. அதற்குக் காவல், அரசர்கள் அடக்கமாக நடந்துகொள்வதும் அரசியல்வாதிகள் விட்டுக்கொடுக்காமல் இருப்பதும் மட்டுமே.

மூன்று தலைநகரங்கள்

பிறகு தாள் பயணம் கிளம்பியது. 1859 போர், 1860இன் பொதுவாக்கெடுப்புகள், கரிபால்டியின் தெற்குப் படையெடுப்பு. 1861 மார்ச் 17 அன்று இத்தாலி முடியரசு பிரகடனம் ஆனது. 2 கோடி 20 லட்சம் மக்கள்; அவர்களில் வாக்குரிமை பெற்றவர்கள் 4 லட்சத்துச் சொச்சம். புதிய நாட்டுக்குப் புதிய சாசனம் எழுதப்படவில்லை. பீட்மாண்டின் சாசனமே நீட்டப்பட்டது. அரசர்கூடத் தன் பெயருக்குப் பின்னால் இருந்த எண்ணை மாற்றிக்கொள்ளாமல், இரண்டாம் விட்டோரியோ எமனுவேலே என்றே இத்தாலியின் முதல் அரசரானார்.

பாரதி தமிழில் பாடிய சபதத்தால் நமக்கு அறிமுகமான மாஜினி இதை ஏற்கவே இல்லை. அரசர் கொடுத்த தாள் வேண்டாம், மக்கள் தேர்ந்தெடுக்கும் அரசியல் நிர்ணய சபை வேண்டும் என்பது அவர் வாழ்நாள் கோரிக்கை. 1866இல் மெஸ்ஸினா நகரம் அவரைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தது. பழைய மரண தண்டனையைக் காரணம் காட்டிச் சபை அதை ரத்துசெய்தது. மெஸ்ஸினா விடாமல் மறுபடி மறுபடி தேர்ந்தெடுத்தது. கடைசியில் சபை இறங்கிவந்தபோது அவர் வரவில்லை. உள்ளே நுழைய அரசருக்கும் சாசனத்துக்கும் விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டுமே! 1872இல் பீஸா நகரில், வேறொரு பெயரில் தங்கியிருந்த வீட்டில் இறந்தார்.

தெற்கில் இந்தத் தாளின் இன்னொரு முகம் தெரிந்தது. பழைய நேப்பிள்ஸ் ராஜ்யத்தின் மலைகளில் கொள்ளையரும் கலகக்காரரும் விவசாயிகளும் கலந்த ஒரு சண்டை மூண்டது. 1863 ஆகஸ்டில் வந்த பிக்கா சட்டம் அவர்களை ராணுவ நீதிமன்றங்களின் முன் நிறுத்தியது. சிறப்பு நீதிமன்றம் கூடாது என்ற 71ஆம் பிரிவு அப்படியே இருந்தது. சட்டமும் இருந்தது. இரண்டும் மோதினால் எது பெரிது என்று சொல்ல நீதிமன்றம் எதற்கும் அதிகாரம் இல்லாததால், பின்னால் வந்ததே நின்றது.

1864இல் பிரான்சோடு செய்த ஒப்பந்தப்படி தலைநகர் ஃபிளாரன்ஸுக்குப் போகிறது என்று தெரிந்ததும் டூரின் தெருக்களில் ரத்தம் சிந்தியது. அடுத்த ஆண்டு பிரதிநிதிகள் சபை அங்கே பலாட்ஸோ வெக்கியோவின் ஐந்நூற்றுவர் மண்டபத்துக்குக் குடிபோனது. 1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை போர்ட்டா பியா அருகே மதிலை உடைத்து ரோமுக்குள் நுழைந்தது. 1871 நவம்பரில் மொன்தெசித்தோரியோ மாளிகையில் முதல் கூட்டம். கத்தோலிக்க மதமே அரசு மதம் என்பது சாசனத்தின் முதல் பிரிவு. அந்த மதத்தின் தலைவரோ தன் நகரத்தைப் பறித்த அரசை ஏற்க மறுத்து வத்திக்கானுக்குள் இருந்தார், அதன் தேர்தல்களில் பங்கேற்க வேண்டாம் என்று விசுவாசிகளுக்குச் சொல்லப்பட்டது.

எழுத்துக்குத் திரும்புவோம்

அடுத்த முப்பது ஆண்டுகளில் வழக்கம் கிளை விட்டது. 1882இல் வாக்காளர் தொகை சுமார் 6 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்ந்தது. தெப்ரெத்திஸ் போன்ற பிரதமர்கள் வலதிலும் இடதிலும் ஆளைப் பிடித்துப் பெரும்பான்மை சேர்க்கும் வித்தையைத் தேர்ந்த கலையாக்கினார்கள். நம்மூர்க் கட்சித் தாவல்களைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சபையின் மதிப்பு சரிந்தது.

1897 ஜனவரி 1 அன்று நுவோவா அந்தோலோஜியா இதழில் ஒரு கட்டுரை வந்தது. கையொப்பம் "ஒரு பிரதிநிதி" என்றுதான் இருந்தது. எழுதியவர் சித்னி சொன்னினோ என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. சாசனத்துக்குத் திரும்புவோம் என்று அழைத்தது கட்டுரை. 5ஆம் பிரிவையும் 65ஆம் பிரிவையும் அவர் சாட்சிக்கு அழைத்தார். அமைச்சர்கள் அரசரின் அமைச்சர்கள், சபையின் ஆட்கள் அல்ல. சபை அபகரித்ததை அரசர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். வாதத்தில் பிழை கண்டுபிடிப்பது எளிதல்ல. எழுத்து அவர் பக்கம் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் இருந்தது ஐம்பது ஆண்டு வழக்கம் மட்டுமே.

மறு ஆண்டு அதற்குச் சோதனை வந்தது. 1898 மே மாதம் ரொட்டி விலையேற்றத்தால் எழுந்த கிளர்ச்சியை ஜெனரல் பாவா பெக்காரிஸ் மிலான் நகரில் பீரங்கி வைத்து அடக்கினார். அரசர் உம்பெர்ட்டோ அவருக்கு விருது கொடுத்தார். பிரதமரான ஜெனரல் பெல்லூ பத்திரிகைகளையும் கூட்டங்களையும் கட்டுப்படுத்தும் சட்டங்கள் சபையில் சிக்கிக்கொள்ளவே, 1899 ஜூனில் அவற்றை அவசர ஆணையாகவே பிறப்பித்தார். சோஷலிஸ்டுகள் சபையை நடக்கவிடவில்லை. வாக்குப் பெட்டிகள் கவிழ்க்கப்பட்டன. ரோமின் உயர் நீதிமன்றம் ஆணை செல்லாது என்றது. 1900 தேர்தலில் எதிர்க்கட்சிகள் வலுக்கவே பெல்லூ விலகினார். ஜூலை 29 அன்று மொன்ஸாவில் அரசரை ஓர் அராஜகவாதி சுட்டுக்கொன்றான். இத்தனைக்கும் பிறகு வழக்கம் வென்று நின்றது.

பிரதமர் ஜொலிட்டியின் காலம் அந்த வெற்றியின் அறுவடை. 1912இல் கிட்டத்தட்ட எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை வந்தது. 30 லட்சத்துச் சொச்சமாக இருந்த வாக்காளர் தொகை 80 லட்சத்தைத் தாண்டியது. ஏழைகளின் பிரதிநிதிகள் ரோமில் எப்படிச் சாப்பிடுவார்கள்? 50ஆம் பிரிவு சம்பளத்தைத் தடுத்தது. பிரிவைத் தொடாமல், கடிதப் போக்குவரத்துச் செலவு என்று கணக்கெழுதிப் பணம் கொடுத்தார்கள். இந்தச் சாசனத்தோடு எப்படி வாழ்வது என்பதை அதற்குள் நன்றாகப் பழகியிருந்தார்கள்.

ஆனால் 5ஆம் பிரிவு மறுபடி வாய் திறந்தது. 1915 ஏப்ரல் 26 அன்று லண்டனில் இத்தாலி ரகசிய ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டது. ஒரு மாதத்துக்குள் உலகப் போரில் இறங்குவதாக வாக்குறுதி. பிரதமர் சலாந்த்ரா. வெளியுறவு அமைச்சர் யார்? அதே சொன்னினோ. சபைக்கு ஒன்றும் தெரியாது. போர் வேண்டாம் என்ற ஜொலிட்டி மே மாதம் ரோமுக்கு வந்தபோது, சுமார் 300 பிரதிநிதிகள் அவர் வீட்டில் தங்கள் முகவரி அட்டையை வைத்துவிட்டுப் போனார்கள். அதாவது சபையின் பெரும்பான்மை போருக்கு எதிர். சலாந்த்ரா ராஜினாமா செய்தார். அரசர் மூன்றாம் விட்டோரியோ எமனுவேலே அதை ஏற்க மறுத்தார். தெருவில் போர் ஆதரவுக் கூட்டம் முழங்கியது. சில நாட்களில் அதே சபை அரசுக்கு முழு அதிகாரம் கொடுத்து வாக்களித்தது: 407க்கு 74. 1855இல் ஓர் அரசர் முயன்று தோற்ற காரியத்தை, அறுபது ஆண்டு கழித்து அவர் பேரன் முயன்றார். இந்த முறை சபை பின்வாங்கியது.

47ஆம் பிரிவைப் படித்தவர்

1922 அக்டோபர் 28 காலை. பாசிசக் கும்பல்கள் ரோமை நோக்கி வருகின்றன. ராணுவச் சட்டத்தை அறிவிக்கும் ஆணையைத் தயாரித்துக்கொண்டு பிரதமர் ஃபாக்தா அரசரிடம் போனார். அரசர் கையெழுத்திட மறுத்தார். பாசிசத் தலைவர் முசோலினி மிலானிலிருந்து இரவு ரயிலில் வந்து சேர்ந்தார். 30ஆம் தேதி பிரதமர். முந்தைய ஆண்டுத் தேர்தலில் வென்ற பாசிசப் பிரதிநிதிகள் 35 பேர்தான். என்றாலும் 65ஆம் பிரிவு மீறப்படவில்லை. அரசர் நியமித்தார், அவ்வளவுதான்.

நவம்பர் 16 அன்று முசோலினி சபையில் பேசினார். இந்த மண்டபத்தை என் படைகளுக்குக் கூடாரமாக்கியிருக்க முடியும், ஆனால் இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டேன் என்ற பொருளில் பேசினார். அப்போது சபைத் தலைவர் நாற்காலியில் இருந்தவர் என்ரிக்கோ தெ நிக்கோலா. மறுநாள் 306 பேர் நம்பிக்கை தெரிவித்தனர், 116 பேர் எதிர்த்தனர். ஆதரித்தவர்களில் ஜொலிட்டியும் சலாந்த்ராவும் உண்டு. கத்தோலிக்கரின் மக்கள் கட்சியைச் சேர்ந்த அல்சீதே தெ காஸ்பெரியும் உண்டு. இதை அரசரின் குற்றம் என்று மட்டும் எழுதினால் கணக்கு சரியாக வராது. சபை தன் கையாலேயே தன் வழக்கத்தை ஒப்படைத்தது.

1924 ஜூனில் சோஷலிஸ்ட் பிரதிநிதி மத்தேயோட்டி கடத்திக் கொல்லப்பட்டார். எதிர்க்கட்சிகள் சபையைவிட்டு வெளியேறி அரசரின் தலையீட்டுக்காகக் காத்திருந்தன. அரசர் அசையவில்லை. 1925 ஜனவரி 3 அன்று முசோலினி சபையில் எழுந்தார். முதலில் சாசனத்தின் 47ஆம் பிரிவைப் படித்துக் காட்டினார். அமைச்சர்கள் மீது குற்றம் சாட்டி அவர்களை உயர் நீதி அவையின் முன் நிறுத்தப் பிரதிநிதிகள் சபைக்கு உரிமை உண்டு என்பது அந்தப் பிரிவு. இந்தச் சபைக்கு உள்ளேயோ வெளியேயோ இதைப் பயன்படுத்த விரும்புகிறவர் யாராவது உண்டா என்று கேட்டார். ஒருவரும் எழவில்லை. நடந்த அனைத்துக்கும் பொறுப்பைத் தானே ஏற்பதாகச் சொல்லி முடித்தார். சாசனத்தை அதன் எதிரியே உரக்கப் படித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் அதைச் செயல்படுத்தும் துணிவு இல்லை.

அதன்பின் சட்டங்கள் வரிசையாக வந்தன. அரசாங்கத் தலைவர் அரசருக்கு மட்டுமே பொறுப்பு என்றது 1925 டிசம்பர் சட்டம். சொன்னினோவின் கனவு, அவர் எதிர்பார்க்காத ஒரு மனிதரின் கையில் நனவானது. 1926 நவம்பரில் நாட்டுப் பாதுகாப்புக்கான சிறப்பு நீதிமன்றம் வந்தது. 71ஆம் பிரிவு அப்போதும் இருந்தது. சபையின் அனுமதியின்றிப் பிரதிநிதியைக் கைதுசெய்யக் கூடாது என்ற 45ஆம் பிரிவும் இருந்தது; அந்த மாதம்தான் பிரதிநிதி அந்தோனியோ கிராம்ஷி கைதானார், பின்னர் அந்தச் சிறப்பு நீதிமன்றமே அவருக்கு 20 ஆண்டுக்கு மேல் சிறை விதித்தது. 1928இல் ஒரே பட்டியலுக்கு ஆம் அல்லது இல்லை என்று மட்டும் வாக்களிக்கும் தேர்தல் முறை வந்தபோது, 85 வயது ஜொலிட்டி சபையில் எழுந்து, இது சாசன ஆட்சியோடு உறவு அறுவதைக் குறிக்கிறது என்றார். சில மாதங்களில் இறந்தார். 1939இல் தேர்தலே இல்லாத ஒரு சபை பழைய சபையின் இடத்தில் உட்கார்ந்தது.

இவற்றில் மிகக் கசப்பானது 1938. வால்தென்ஸ் கிறிஸ்தவர்களுக்கும் யூதர்களுக்கும் குடியுரிமைகளை வழங்கிய ஆண்டு 1848. வழங்கியவர் கார்லோ அல்பெர்ட்டோ. தொண்ணூறு ஆண்டு கழித்து, யூதர்களைப் பள்ளிகளிலிருந்தும் அரசு வேலைகளிலிருந்தும் விரட்டிய இனச் சட்டங்களில் கையெழுத்திட்டவர் அவருடைய கொள்ளுப்பேரன். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற 24ஆம் பிரிவு அன்றும் நடப்பிலேயே இருந்தது.

எழுதிவைத்தார்கள்

கடைசியாக ஒரு முறை தாள் வெளியே எடுக்கப்பட்டது. 1943 ஜூலை 24 இரவு தொடங்கி விடியும்வரை நீண்ட பாசிசப் பேரவைக் கூட்டத்தில், தீனோ கிராந்தியின் தீர்மானம் 19 வாக்குகளோடு நிறைவேறியது. 5ஆம் பிரிவின்படி அரசர் படைத்தலைமையை மீண்டும் ஏற்க வேண்டும் என்று அது கேட்டது. மறுநாள் மாலை அரசர் முசோலினியைப் பதவிநீக்கினார். வெளியே வந்தவரை ஓர் ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது. நியமித்த அதிகாரமே நீக்கியது. எடுத்துக்கொண்டது 21 ஆண்டு.

முடியாட்சியின் பெயரை அது மீட்கவில்லை. பொதுவாக்கெடுப்பு 1946 ஜூன் 2 அன்று நடந்தது. ஜூன் மாதத்து முதல் ஞாயிறு அது; 1861 முதல் சாசனத் திருநாளாகக் கொண்டாடப்பட்ட நாள். பெண்களும் வாக்களித்தார்கள். குடியரசுக்கு 1 கோடி 27 லட்சம், முடியாட்சிக்கு 1 கோடி 7 லட்சம். கடைசி அரசர் இரண்டாம் உம்பெர்ட்டோ, கொள்ளுத்தாத்தாவின் தந்தை போன அதே போர்ச்சுகலுக்குப் போனார். மாஜினி கேட்ட அரசியல் நிர்ணய சபை கூடியது. அதன் சாசனத்தில் 1947 டிசம்பர் 27 அன்று கையெழுத்திட்டவர்களில் இருவர், இடைக்காலக் குடியரசுத் தலைவர் தெ நிக்கோலாவும் பிரதமர் தெ காஸ்பெரியும். மறுநாள் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் மூன்றாம் விட்டோரியோ எமனுவேலே இறந்தார்.

1922 நவம்பரில் அந்த மண்டபத்தில் இருந்த இருவர் கையெழுத்திட்ட புதிய சாசனம், பழையது வழக்கத்துக்கு விட்டுவைத்ததையெல்லாம் எழுதிவைத்தது. அரசு இரு அவைகளின் நம்பிக்கையைப் பெற வேண்டும் (94). திருத்தத்துக்குத் தனி நடைமுறை (138). குடியரசு வடிவத்தை எந்தத் திருத்தமும் தொடக் கூடாது (139). சட்டங்களைச் சாசனத்தோடு வைத்துப் பார்க்க ஓர் அரசியல் சாசன நீதிமன்றம். பூட்டு போட்டாயிற்று. ஆனால் சாவியைக் கையில் எடுக்க மேலும் எட்டு ஆண்டு ஆனது. அந்த நீதிமன்றம் 1956இல்தான் செயல்படத் தொடங்கியது. அதுவரை பாசிசக் காலத்துப் போலீஸ் சட்டம் புதிய சாசனத்தின் கீழும் நடந்துகொண்டிருந்தது.

முதல் தீர்ப்பே அந்தச் சட்டத்தைப் பற்றியது. துண்டறிக்கை கொடுக்கவும் சுவரொட்டி ஒட்டவும் போலீஸ் அனுமதி வேண்டும் என்ற 1931ஆம் ஆண்டு விதி கேள்விக்குள்ளானது. சாசனத்துக்கு முந்தைய சட்டங்களை இந்த நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. முடியும் என்று சொல்லி, அனுமதி கேட்கும் அந்த விதிகளை நீதிமன்றம் ரத்துசெய்தது. தலைமை வகித்த நீதிபதி என்ரிக்கோ தெ நிக்கோலா. கார்லோ அல்பெர்ட்டோவின் 28ஆம் பிரிவும் எழுத்துரிமையைத்தான் வாக்களித்திருந்தது. அந்த வாக்கை மீறும் ஒரு சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் இத்தாலியில் ஒரு நீதிமன்றத்துக்குக் கிடைக்க 108 ஆண்டுகள் பிடித்தன. அதற்கான விலையில் பெரும்பகுதி கடைசி முப்பது ஆண்டுகளில் செலுத்தப்பட்டது.